ஐஸைக் குத்தாதே

இந்த ஊரில் உடம்பு கொஞ்சம் சூடாக வேண்டுமென்றால் நான் ஃபிரிட்ஜுக்குள் போவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளே. நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் பின்பக்கம் பாலும் காய்கறியும் வைப்பதற்கு ஓர் அறை இருக்கிறது. ஆள் நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ். காலையில் வாசலில் யாரும் வழுக்கி விழாமலிருக்க உப்புத் தூவிவிட்டு, எது என் விரல், எது கையுறை என்று தெரியாத நிலையில் அதற்குள் நுழைவேன். கன்னத்தில் இதமாக இருக்கும். பால் கெடாமலிருக்க எவ்வளவு குளிர் வேண்டுமோ அவ்வளவுதான் உள்ளே. வெளியே இருப்பது பாலைக் கல்லாக்கிவிடும் குளிர். சேலையூரில் இருபது வருஷம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன் நான். வெளியே வெப்பம், உள்ளே குளிர் என்பதுதான் தொழிலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கனடாவுக்கு வந்ததும் அது, அவசரத்தில் சட்டையை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது.

சேலையூரில் நம் சர்ச் சண்டே ஸ்கூல் டீச்சர் பிள்ளைகளுக்கு இந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார். அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் வந்துவிட்ட பிள்ளைகளும் படிப்பார்களாம். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன் நான், பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். நயாகரா பற்றி எழுதலாமே என்றார். நயாகரா இங்கிருந்து எவ்வளவோ தூரம், நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது ஒரு ஐஸ் சுவர். அதில் ஏறப் போய் நடுவழியில் நின்றுபோன கதையைத்தான் எழுத முடியும். என் மகள் ஷீபாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எட்டாவது படிக்கிறாள், உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், கொயரில் இரண்டாவது வரிசையில் நிற்பாள். "எழுதிக்கோ. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாத" என்றாள். எனவே இந்தக் கதையில் அவள் அழவில்லை.

எங்கள் ஹோட்டல் சலவை அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு செங்குத்தான பாறை. குளிர் தொடங்கும்போது பாறையின் உச்சியில் குழாய் போட்டுத் தண்ணீரைச் சொட்ட விடுவார்கள். சொட்டச் சொட்ட உறையும். கிறிஸ்துமஸுக்குள் பாறையே மறைந்து, நீலமும் வெள்ளையுமாகப் பெரிய ஐஸ் திரை தொங்கும். பிறகு ஆட்கள் வருவார்கள், இரண்டு கையிலும் கோடாரி, ஷூவின் அடியில் இரும்பு முட்கள். கோடாரியை ஐஸில் ஓங்கிக் குத்தி, முள்ளால் உதைத்து, பல்லி மாதிரி மேலே போவார்கள். மேலே எதுவும் இல்லை. ஒரு மரம், அதில் கட்டிய சிவப்பு ரிப்பன், அவ்வளவுதான். அதைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். முதல் தடவை பார்த்தபோது ஓடிப்போய்த் தடுக்கத் தோன்றியது எனக்கு. அவர்கள் விழுந்துவிடுவார்களோ என்று இல்லை. ஐஸைக் குத்துகிறார்களே என்று.

அது ஏன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். இப்போது உங்கள் வீடுகளில் இருக்கும் ஃபிரிட்ஜில் ஐஸ் சேராது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே சின்னதாக ஒரு ஃப்ரீசர் இருக்கும், அதைச் சுற்றி ஐஸ் வளர்ந்துகொண்டே போகும். அந்த ஃப்ரீசரின் மெல்லிய தகட்டுக்குள்தான் குளிரவைக்கும் கேஸ் ஓடுகிறது, நம் கையில் நரம்பு ஓடுவது மாதிரி. உள்ளே வைத்த மீன் பொட்டலம் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். விருந்தாளிகள் வந்திருப்பார்கள், அவசரம், கத்தியை எடுத்து ஒரு குத்து. உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அத்தோடு ஃபிரிட்ஜின் உயிர் போயிற்று. கேம்ப் ரோட்டை ஒட்டிய என் கடைக்கு வந்த ஃபிரிட்ஜுகளில் பாதிக்குமேல் இந்தக் கதைதான். கீழ்க்கட்டளையில் ஒரு மீன்காரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். "இன்னா பண்றது தம்பி, ஐஸு அப்டியே கவ்விகினு கீது. லேசாத்தான் ஒரு குத்து வுட்டேன், அது இன்னாடான்னா பாம்பு மாதிரி சீறுது" என்றார். லேசாகத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் எப்படியோ அப்படித்தான் இதுவும் சட்டம்: ஐஸைக் குத்தாதே, ஸ்விட்சை அணை, கதவைத் திறந்து வை, கீழே பாத்திரம் வை, தானாக விழும்வரை பொறு. ஷீபா யூகேஜி படிக்கும்போதே பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கி, "எங்கப்பா திட்டுவாங்க" என்று சொன்னவள்.

நான் இங்கே வந்து மூன்றாவது பனிக்காலம் இது. சர்ச்சில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஹோட்டலில் பராமரிப்பு வேலை கிடைத்தது. பாய்லர், குழாய், கதவுப் பூட்டு, எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் குடும்பம் இங்கே வருவதற்கான அனுமதி வந்துவிட்டது. முழுப்பரீட்சை முடிந்ததும் என் மனைவி எஸ்தரும் ஷீபாவும் சின்னவன் ஜோயலும் கிளம்ப வேண்டும். ஜோயல் அன்றைக்கே பெட்டியில் கிரிக்கெட் மட்டையை எடுத்து வைத்துவிட்டான். ஷீபா மாட்டேன் என்றாள். கத்தவில்லை. வீடியோவில் என் முகத்தைப் பார்க்காமல், தலையணை உறையில் நூல் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க வந்தா எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேனேமா."

"நீ வேலைக்குப் போயிடுவ. நீ அங்க என்னப்பா பண்ற? வேலை, ரூம். வேலை, ரூம். ஒரு நாளாவது வேற எங்கயாவது போயிருக்கியா?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பயப்படாத, பழகிடும்."

"நீ பழகிட்டியா?"

பழகிட்டேன் என்றேன். அவள் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ அந்த ஐஸ்ல ஏறு. ஜன்னல்லேர்ந்து போட்டோ அனுப்புனல்ல, அதுல. உச்சியில அந்த ரிப்பனைத் தொட்டுட்டு வா. அப்புறம் என்னைப் பயப்படாதன்னு சொல்லு."

"ஏறினா வருவியா?"

"வரேன்."

"சத்தியமா?"

"சத்தியம்லாம் பண்ணக் கூடாதுன்னு நீதான சொல்லியிருக்க" என்றாள். பின்னாலிருந்து எஸ்தர், "ஏங்க, அவதான் சின்னப் பொண்ணு, உங்களுக்கு என்ன" என்று குரல் கொடுத்தாள். ஆனால் பேச்சு முடிந்துவிட்டது. மகள் கேட்டாள், அப்பன் ஒப்புக்கொண்டான்.

ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு ஐஸ் ஏறக் கற்றுக்கொடுப்பவர் ஹெதர் என்ற பெண். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. கற்றுக்கொடுப்பவர் என்பதால் மேடம் என்று கூப்பிட்டேன். தன் பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று முகம் சுளித்தார். பேர் சொல்லிக் கூப்பிட என் வாய் வரவில்லை. எனவே அன்று முழுவதும் அவரை எப்படியும் கூப்பிடாமலேயே பேசினேன். சலவை அறையில் வேலை பார்க்கும் ரோலன், பிலிப்பைன்ஸ்காரர், கூட வந்தார். அவருக்கும் பிள்ளைகள் ஊரில்தான். என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வீடியோ போட்டுக் காட்டுவது அவர் பொறுப்பு. இங்கே காலை, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். திரையில் மூன்று தலைகள். ஜோயலின் வாயில் தோசை.

இடுப்பில் வார்ப்பட்டை மாட்டி, தலையில் ஹெல்மெட் வைத்து, ஷூவில் முள் பூட்டினார்கள். கயிறு என் இடுப்பிலிருந்து உச்சிக்குப் போய், அங்கே ஒரு வளையத்தில் திரும்பி, கீழே ஹெதரின் இடுப்புக்கு வருகிறது. நான் கை விட்டாலும் அவர் பிடித்திருப்பார், விழ மாட்டேன். அதை நன்றாக விளக்கினார். எனக்கும் நன்றாகப் புரிந்தது. சுவரை நோக்கி நடந்தபோதே முதல் தப்பைச் செய்தேன், தரையில் கிடந்த கயிற்றை மிதித்துவிட்டேன். ஹெதர் ஒரு அதட்டல் போட்டார். நான் உடனே குனிந்து கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டால் நாம் செய்வதுதான், யோசித்துச் செய்யவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படித்தான், முள் ஷூவால் மிதித்தால் வெட்டு விழுந்திருக்கிறதா என்று கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், சொல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறாயே என்று பாராட்டினார். நானும் தலையாட்டிவைத்தேன்.

பிறகு ஐஸின் முன்னால் நின்றேன். கோடாரியை ஓங்கினேன். ஓங்கிய கை பாதியில் மெதுவாகி, கதவைத் தட்டுவது போல டொக் என்று வைத்தது. பிடிக்கவில்லை, வழுக்கி வந்துவிட்டது. மறுபடி ஓங்கினேன். மறுபடி டொக். பலமாக அடி என்றார் ஹெதர். பலமாகத்தான் அடிக்கிறேன் என்று நினைத்தேன். அந்த ஐஸுக்கு வலிக்காது, பயப்படாதே என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், உள்ளே பைப் இருக்கும், ஓட்டை விழும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஆமாம், பைப் இருக்கிறது, ஆனால் உச்சியில், அங்கேதான் தண்ணீர் விடுகிறோம் என்றார். என்னைத் தைரியப்படுத்தத்தான் சொன்னார். பைப் இருக்கிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ரோலன் பிடித்திருந்த போனிலிருந்து ஜோயல், "அப்பா, அது நம்ம ஃபிரிட்ஜ் இல்லப்பா, குத்து" என்றான்.

எப்படியோ ஏறத் தொடங்கினேன். டொக் டொக் என்று பல முறை கொத்திக் கொத்தி ஒரு குழி உண்டாக்கி, அதில் கோடாரியின் மூக்கை மாட்டி, காலை உதைத்து ஒரு படி. மற்றவர்கள் ஒரே வீச்சில் செய்வதை நான் இட்லிப் பானையின் அடி சுரண்டுவது மாதிரி செய்தேன். கை மரத்துப்போனது. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு ஏறியிருப்பேன். அப்போது காதுக்குப் பக்கத்தில், ஐஸுக்கு உள்ளே, சத்தம் கேட்டது. சலசலவென்று. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அத்தனையும் உறைந்திருக்க உள்ளே ஓடுகிறது. சேலையூரில் எத்தனை ஃப்ரீசரில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன், அதே மாதிரி. கை முற்றிலும் நின்றுவிட்டது. கீழேயிருந்து ஹெதர், நிற்காதே, நின்றால் கை சோர்ந்துபோகும், ஒரே ஒரு நல்ல அடி என்றார். ரிப்பனைப் பார்த்தேன். ஷீபாவை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இருபது வருஷம் எல்லோரையும் எதற்காகத் திட்டினேனோ அதைச் செய்தேன். ஓங்கிக் குத்தினேன்.

தட்டு அளவுக்கு ஒரு ஐஸ் துண்டு பெயர்ந்து என் தோளில் பட்டுக் கீழே போனது. கோடாரி உள்ளே இறங்கியது. அதன் பக்கத்திலிருந்து, உஸ்ஸென்று, தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் நான் சொன்ன வார்த்தை 'சாரி'. யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஹெதரிடமா, மலையிடமா, நான் திட்டிய வீட்டுக்காரம்மா யாரிடமாவதா. பஞ்சர் ஆகிவிட்டது என்று தமிழில் கத்தினேன். சில நேரம் அப்படித் தண்ணீர் வரும், ஒன்றும் இல்லை, தானாக உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று ஹெதர் சொன்னதாக ரோலன் பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. முகத்தில் பட்ட தண்ணீர் மீசையில் உறைந்துகொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே என் கைகள் எனக்குச் சொந்தமில்லாதவை போலிருந்தன. மேலே போக முடியவில்லை. சரி, இறங்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஏனென்றால் இறங்குவதற்கு ஒரே வழி, கையை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்வது போலப் பின்னால் சாய்வது. கயிறு தாங்கும். அவர் மெல்ல மெல்ல இறக்குவார்.

தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு ரயிலில் போய் ஃபிரிட்ஜ் பார்ட்ஸ் வாங்கிவந்த காலத்தில், கூட்டத்தில் எத்தனையோ நாள் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கியிருக்கிறேன். பல்லாவரம் தாண்டும்போது காற்று சட்டைக்குள் புகுந்து ஆளை இழுக்கும். அப்போது உடம்புக்குத் தெரிந்த ஒரே விஷயம், கம்பியை விடாதே என்பதுதான். தோளில் பை நழுவினாலும், மூக்கு அரித்தாலும், பக்கத்து ஆள் காலை மிதித்தாலும் கம்பியை விடக் கூடாது. விட்டவர்களைப் பற்றி மறுநாள் ஸ்டேஷனில் பேசிக்கொள்வார்கள். அப்படிப் பழகிய கையிடம் போய், பொதுவாக நல்லவராகத் தெரியும் ஒரு பெண் கீழே கயிறு பிடித்திருக்கிறார், நீ விடு என்று சொன்னால் அது கேட்குமா? சாய் என்றார் ஹெதர். கையை எடு என்றார். நான் பிடித்திருக்கிறேன் என்றார். சரி சரி என்று பதில் சொல்லிக்கொண்டே இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கால் நடுங்கத் தொடங்கியது, தையல் மெஷின் ஊசி மாதிரி.

"அப்பா, செமயா இருக்கு. அசையாத, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கறேன்" என்று ஜோயல்.

"என்னங்க, போதும், இறங்குங்க. யாரு கேட்டா இதையெல்லாம்" என்று எஸ்தர்.

ரோலன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். காற்றில் அவர்கள் குரல் அறுந்து அறுந்து வந்தது. ஷீபாவின் குரல் மட்டும் அதில் இல்லை. இன்னும் இதே அளவு ஏறினால் ரிப்பன். அதைத் தொட்டால் அவள் வருவாள். இங்கேயே கையை விட்டால் வர மாட்டாள். அப்போது எனக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான், அதனால்தான் விட முடியவில்லை என்றும் சொல்லலாம். பயத்தால்தான் என்றும் சொல்லலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"அப்பா" என்றாள் கடைசியில். "கைய விடு."

ஹெல்மெட்டை ஐஸில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன்.

"அந்த அக்கா கயித்தப் புடிச்சிட்டுதான் இருக்காங்க. டைட்டா இருக்கு. எனக்கு இங்கேர்ந்து தெரியுது. உனக்குத்தான் தெரியல."

நான் கீழே பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. பூமியின் அந்தப் பக்கத்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கீழே இருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலது கையை விட்டேன். அந்தக் கோடாரி ஐஸிலேயே நின்றுவிட்டது, பிடுங்க எனக்குத் தெம்பில்லை. பிறகு இடது கை. பின்னால் சாய்ந்தேன். ஒரு நொடி வயிறு காணாமல் போய், பிறகு கயிறு என்னைப் பிடித்தது. மூட்டை இறக்குவது போல என்னை இறக்கினார்கள்.

கீழே வந்ததும் கையுறையைக் கழற்றினேன். உறைந்த கையில் ரத்தம் திரும்பி வரும்போது ஒரு வலி வரும். அதைப் பற்றி யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, அல்லது சொன்னது புரியவில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டியது மாதிரி, பத்து விரலும் ஒரே சமயத்தில். பனியில் மண்டியிட்டு, இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். ரோலன் போனைத் திருப்பிப் பிடிக்க மறந்துவிட்டார். எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தார்கள். இங்கே ஒன்று எழுத வேண்டும். ஷீபா அழவில்லை.

"ஏற முடியலமா" என்றேன்.

"பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான். எஸ்தர் வந்து, வெந்நீரில் கை வைக்காதீர்கள், மெதுவாகத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று ஏதேதோ சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊருக்குப் பேசும்போதெல்லாம் ரிப்பனைப் பற்றியோ வருவதைப் பற்றியோ யாரும் பேசவில்லை. பரீட்சை, மழை, கேம்ப் ரோட்டில் பள்ளம் தோண்டியிருப்பது, இதெல்லாம் பேசினோம். நான் தோற்றுவிட்டேன், அதனால் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. பயப்படாதே என்று இனிமேல் அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? எஸ்தரிடம் தனியாகக் கேட்டேன். "நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. நானும் கேக்கல" என்றாள். சலவை அறை ஜன்னலில் நின்று பார்த்தேன். என் கோடாரியை ஹெதர் அன்றே ஏறி எடுத்துவந்துவிட்டார். நான் குத்திய இடம் எது என்று தேடினேன். அவர் சொன்னது நிஜம்தான், அடைத்துக்கொண்டிருந்தது. மற்ற ஐஸைவிட அந்த இடம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது, அல்லது நானாக நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு காலையில் உப்புத் தூவிவிட்டு வழக்கம்போலப் பால் அறைக்குள் நுழைந்தேன். போன் அடித்தது. ஷீபா.

"எங்க இருக்க நீ? பின்னாடி முட்டைக்கோசு தெரியுது."

"ஃபிரிட்ஜுக்குள்ள."

"லூசு அப்பா" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு போனைத் திருப்பினாள். எங்கள் வீட்டுச் சமையலறை. நானே கம்ப்ரெசர் மாற்றி ஓடவைத்த எங்கள் பழைய ஃபிரிட்ஜ், கதவு திறந்து கிடந்தது. ஃப்ரீசரைச் சுற்றி, நான் கிளம்பியபோது இல்லாத அளவுக்கு ஐஸ். கீழே குண்டாவும் பழைய துண்டும் வைத்திருந்தாள்.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"ம். ஃப்ரீசர் மூடி சாத்த மாட்டேங்குது. குத்தலப்பா, தானா விழட்டும்னு விட்டிருக்கேன்."

"நல்லது" என்றேன். அப்போதுதான் கவனித்தேன். ஐஸ் மட்டும் கரைய வேண்டுமென்றால் மேல்தட்டைக் காலி செய்தால் போதும், ஊறுகாயும் தண்ணீர் பாட்டிலும் கீழே இருக்கலாம், அவளுக்கு அது தெரியும். அவள் எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். தட்டுகளைக் கழற்றிக் கழுவிச் சுவரில் சாய்த்திருந்தாள். கதவின் ரப்பரைக்கூடத் துடைத்திருந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களிடம், ரொம்ப நாள் அணைத்துப்போடப் போகிற ஃபிரிட்ஜை அப்படித்தான் செய்யச் சொல்லுவேன். வீடு சுத்தமாக இருக்க நினைக்கிற ஒரு பெண் லீவு நாளில் செய்வதும் அப்படித்தான். ஒரு மெக்கானிக்காக அதைப் பார்த்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. மறுபடி ஸ்விட்ச் போடுவாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"சத்தம் கேக்குதா?" என்று போனைக் குண்டாவின் பக்கம் கொண்டுபோனாள்.

கேட்கவில்லை. என் தலைக்கு மேல் இந்த ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் போதும் என்றானதும் அது தானாக நிற்கும். "இரும்மா, வெச்சிடாத" என்றேன். பால் பெட்டிகளுக்கு நடுவில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது நிற்பதற்காகக் காத்திருந்தேன். நின்றது. சேலையூரில் சொட்டுவது கேட்டது.